பெட்டிக்கடை இருந்த இடம்

புதன்கிழமை காலை
சவானோரியு சாலை நிறுத்தத்துக்குப் பின்னால்
துருப்பிடித்த நான்கு போல்ட்டுகளும்
ஒரு சதுரம் வெளுத்த தரையும் மட்டும் இருந்தன.

முதலில் கண்டுபிடித்தது சர்கிஸ்.
மூன்றாம் மாடி நாய்.
வழக்கம்போல் காலைத் தூக்கிவிட்டு
எதிரே எதுவும் இல்லாமல்
அப்படியே நின்றது, சங்கடமாக.

ஏழு பேர் டிராலிபஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.
அதுவரை எங்களில் ஒருவருக்கும்
எது குறைகிறது என்று தெரியவில்லை.
காற்று கொஞ்சம் கூடுதல் என்றே
காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தோம்.

பச்சை நிறம் அது, என்றேன்.
ஒன்பது வருஷம் எதிர்ஜன்னலில் நின்று
காபி குடித்தவன் என்ற உரிமையில்.
சாம்பல், என்றாள் நியோலே, என் மனைவி.
அதே ஜன்னல், அதே ஒன்பது வருஷம்.
அவள் போனில் தேடியெடுத்த படத்தில்
பனிமனிதனின் தோளுக்குப் பின்னால்
ஒரு மூலை தெரிந்தது.
தெருவிளக்கு அதை மஞ்சளாக்கியிருந்தது.
இருவருமே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டோம்.

கூரைவேலை செய்யும் வித்மாந்தாஸுக்கு
நிறமே நினைவில்லை.
மேற்குப் பக்கத் தகரத்தில் ஓர் ஆணி
எட்டு மாதமாகத் தலைதூக்கி நின்றதாம்,
கடந்து போகும்போதெல்லாம் கை அரிக்குமாம்.

ஸ்மில்டேக்கு ஆறு வயசு.
அடியில் ஒரு பூனை இருந்தது,
அதற்கும் அடியில் இன்னொன்று, என்றாள்.
குனிந்து பார்த்தவர் யாருமில்லை ஆகையால்
யாரும் மறுக்கவில்லை.

கடைக்காரம்மாவுக்கு மேல்வரிசையில்
இடது பக்கம் ஒரு பல் தற்காலிகம்,
என்றார் பல் டாக்டர் ஔஷ்ரினே.
முகம்? முகம் தெரியாது.
அந்த ஜன்னலில் குனிந்தால் பாதிதான் தெரியும்,
எனக்கு அந்தப் பாதி போதும்.

ரிம்விதாஸ் வண்டிக் கதவைத் திறந்துவைத்துச் சொன்னார்:
கடையா? எனக்கு அது கடையே இல்லை.
வலது கண்ணாடியில் அதன் விளிம்பு வந்ததும்
பிரேக் மிதிப்பேன், அவ்வளவுதான்.
இன்று மூன்றடி தள்ளி நிறுத்திவிட்டேன், பாருங்கள்.
பார்த்தோம்.
கதவு குப்பைத்தொட்டியை வரவேற்றுக்கொண்டிருந்தது.

அந்த அம்மா பெயர் என்ன, என்று யாரோ கேட்டார்கள்.
ஏழு பேரும் அவசரமாக ஏறினோம்.

பிறகு அக்டோபரில், சந்தையில்,
உப்பிலிட்ட வெள்ளரி வாங்கும்போது
தராசுக்குப் பின்னால் சிவந்த கன்னங்களோடு ஒரு பெண்.
எனக்கு அவளைத் தெரியவில்லை.
அவளுக்கும் என்னைத் தெரியவில்லை.
காசு கொடுக்கக் கை நீட்டினேன்.
அட, நீங்களா! என்றாள்,
என் கட்டைவிரலைப் பார்த்து.

அவ்வளவு தாழ்வாகவா வைப்பார்கள் ஒரு ஜன்னலை,
என்று சிரித்தாள்.
பதினான்கு வருஷம்
கவுனாஸ் எனக்கு வெறும் கைகள்.
கையுறையைக் கழற்றிவிட்டுக் காசு தருகிறவர்கள்,
கழற்றாதவர்கள்.
நீங்கள் மீதியை எண்ணாமல் பையில் போடுகிறவர்.
செவ்வாய்க்கிழமைப் பத்திரிகை.
மே மாதமானால் நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட்.
எந்த வீட்டுக்கு அடிக்கிறீர்களோ,
முடியவே இல்லை போலிருக்கிறது.

பையின் வாயை முடிந்தாள்.
பிறகு, விலை சொன்ன அதே குரலில்:
போன குளிர்காலத்திலிருந்து
காசு பொறுக்கும்போது அந்தக் கை நடுங்குகிறதே,
யாரிடமாவது காட்டினீர்களா?

நடுங்குகிறதா, என்றேன்.
அதற்குள் அடுத்த ஆள் கை நீட்டிவிட்டார்.

கடை என்ன நிறம் என்று கேட்க மறந்துபோனது.
பெயரும்.

திரும்பும் வழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
என் கையையே பார்த்தபடி நின்றேன்.
ஓடும் டிராலிபஸ்ஸில் எல்லாமே நடுங்குகிறது,
கம்பி, கண்ணாடி,
முன்னால் நிற்பவரின் காதுமடல்.
ஒன்றும் தெரியவில்லை.
நிற்கட்டும், பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ரிம்விதாஸ் இப்போதெல்லாம்
வேறு எதையோ பார்த்துத்தான் பிரேக் மிதிக்கிறார்.